எட்டுப் பேர், ஏழு வரிகள்

கடலோரக் காவல் நிலையத்தில், விசைப்படகு ஒன்று கடலில் கவிழ்ந்தது பற்றிய விசாரணையில் சாட்சி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

பெயர் செந்தூர்வேல், வயது ஐம்பத்து மூன்று, தகப்பனார் பெயர் பாண்டித்துரை, அவர் காலமாகிவிட்டார். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுக வாசலுக்கு எதிர்வரிசையில் கயிறு, மிதவை, வலைச் சாமான் விற்கும் கடை நடத்தி வருகிறேன். கடைக்கு மேல் மாடியில் குடும்பத்துடன் குடியிருக்கிறேன். எனக்கு ஒரு விசைப்படகில் கால் பங்கு உண்டு. அந்தப் பாத்தியத்திலும், வாய் சும்மா இருக்காத ஆள் என்பதாலும், எங்கள் விசைப்படகுச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். சங்கத்தின் செல்போன் என் கையில்தான் இருக்கும். சென்ற வாரம் வியாழக்கிழமை தேடுதல் ஏன் நின்றது, ஏன் மறுபடி தொடங்கியது என்று ஐயா கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் துறைமுகத்திலிருந்து விசைப்படகுகள் விடியுமுன் புறப்பட்டு அன்று இரவுக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. எந்தப் படகில் யார் போகிறார்கள் என்பது படகு உரிமையாளருக்கே பல நாள் தெரியாது. படகு கட்டும் ஜெட்டியில் அந்த நேரத்துக்கு வந்து நிற்கிற ஆட்களில் டிரைவர் யாரைக் கூப்பிடுகிறாரோ அவர்கள்தான் போவார்கள். அதனால் யார் யார் ஏறினார்கள் என்று டிரைவரே செல்போனில் பதிவு செய்யும்படி ஒரு புரோகிராம் செய்து தந்தவள் என் தம்பி மகள் அனுசியா, வயது இருபத்தாறு. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். சங்கத்துக்கு இதைக் காசு வாங்காமல் செய்து கொடுத்தாள்.

அவள் எனக்குச் சொல்லித் தந்ததை அப்படியே சொல்கிறேன், ஐயா எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நடந்தது முழுக்க இதில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு ஆளும் ஒரு தனி ஆப்ஜெக்ட். அவன் பெயர், வயது, ஊர், அட்டை எண், ரத்த வகை, வீட்டு போன் நம்பர் எல்லாம் அந்த ஒன்றுக்குள் இருக்கும். எட்டுப் பேர் ஏறினால் எட்டு ஆப்ஜெக்ட் வரிசையாக நிற்கும். ஆனால் அந்த வரிசையை மனிதர்கள் படிக்க முடியாது, அதை எழுத்தாக மாற்ற வேண்டும். முதலில் பெயர், பிறகு வயது, பிறகு ஊர், எங்கே கமா, எங்கே அடுத்த வரி என்று நாம்தான் அதற்குச் சொல்லித் தர வேண்டும். சொல்லித் தராவிட்டால், உள்ளே இருப்பது யார் என்று சொல்லாமல், ஆளுக்கு ஒரு தடவை ஓர் அடைப்புக்குறி போட்டு அதற்குள் ஆப்ஜெக்ட் என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடும். என் கடையில் லேபிள் ஒட்டாத டப்பாக்களை அடுக்கி வைத்தால் எத்தனை டப்பா என்று மட்டும் தெரியுமே, அந்த மாதிரி.

அதன் பிறகு ஒரு தொந்தரவு வந்தது. ஜெட்டியில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது. டிரைவர்கள் சேவ் பட்டனை அழுத்திவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று மறுபடி மறுபடி அழுத்துவார்கள். ஒரே ஆள் இரண்டு ஆளாகப் பதிவாகி, ஒரு படகில் பதினாறு பேர் போனதாகக் காட்டியது. கரையில் உள்ளவர்கள் படகா கப்பலா என்று கேலி செய்தார்கள். சங்கக் கூட்டத்தில் எல்லோரும் சத்தம் போட்ட பிறகு அனுசியா ஒரு வழி செய்தாள். எழுத்தாக மாற்றிய பின் இரண்டு வரிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் ஒன்றை விட்டுவிட வேண்டும் என்று எழுதிச் சேர்த்தாள். கணக்கு சரியாகிவிட்டது. கூட்டத்தில் கைதட்டினோம்.

வியாழக்கிழமை காலையில் டிரைவர் ஜெஸ்டின் தன் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு தெற்கே போனார். அன்று காற்று பலமாக இருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது சங்கத்தின் செல்போனில் அபாயச் செய்தி வந்தது. படகில் உள்ள பெட்டியில் ஆபத்துப் பட்டனை அழுத்தினால், எங்கள் புரோகிராம் தானாகவே படகு இருக்கும் இடத்தையும் ஆட்களையும் எழுதி மீட்புக் கட்டுப்பாட்டு அறைக்கும் எனக்கும் அனுப்பிவிடும். இடம் சரியாக வந்திருந்தது, மணப்பாட்டுக்குக் கிழக்கே நல்ல ஆழத்தில். ஆட்கள் என்ற இடத்தில் மட்டும் பெயர் ஒன்றுமே இல்லாமல், அடைப்புக்குறிக்குள் ஆப்ஜெக்ட், கமா, அடைப்புக்குறிக்குள் ஆப்ஜெக்ட், கமா என்று கோமாளித்தனமாக ஓடிக்கொண்டே போனது. அந்தப் பட்டனை அதுவரை நிஜமாக யாரும் அழுத்தியதில்லை, அதனால் அந்த இடத்தில் சொல்லித் தராமல் விட்டுப்போனது யாருக்கும் தெரியவில்லை.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து உடனே போன் வந்தது. இது என்ன என்று கேட்டார்கள், பெயர்களை அனுப்பச் சொன்னார்கள். நான் மாடிக்கு ஆள் அனுப்பினேன். அனுசியா அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தாள், லேப்டாப்புடன் ஓடிவந்தாள். கடையில் கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது செய்தி போயிற்று. வரிசை எண், பெயர், வயது, ஊர், கீழே மொத்தம் ஏழு என்று அச்சடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகாக இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் நன்றி சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அதன் பிறகு ரோந்துக் கப்பல் ஒன்று போய், கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்த நான்கு பேரைத் தூக்கியது. காற்றில் அடித்துப்போன மூன்று பேரை, வழியில் வந்த பெரியதாழை நாட்டுப்படகு ஒன்று ஏற்றிக்கொண்டு தங்கள் ஊருக்குப் போய்விட்டது. அந்த மூன்று பேரில் ஜெஸ்டின் ஒருவர். உப்புத் தண்ணீர் குடித்து நினைவில்லாமல் இருந்ததால் அவரிடம் எதுவும் கேட்க முடியவில்லை. கப்பலில் நான்கு, பெரியதாழையில் மூன்று, பட்டியலில் ஏழு. கப்பலில் இருந்தவர்களுக்கு மற்றவர்கள் பெரியதாழையில் கரையேறிவிட்டார்கள் என்றும், பெரியதாழையில் இருந்தவர்களுக்கு மற்றவர்கள் கப்பலில் இருக்கிறார்கள் என்றும் சொல்லப்பட்டது. எல்லோரும் கிடைத்துவிட்டார்கள், தேடுதல் முடிந்தது என்று எனக்கும் போன் வந்தது.

அதற்குள் கடை முன்னால் வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் சீனித்தாய், முத்துக்கனி என்ற இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக வந்து நின்றார்கள். ஏரல் பக்கத்து வயல்காட்டு ஊர், புருஷன்மார் படகு வேலைக்கு வந்ததால் இங்கே திரேஸ்புரத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். இருவரும் அண்ணன் மகனுக்கும் தம்பி மகனுக்கும் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். உங்கள் ஆள் பெயர் என்னம்மா என்று கேட்டேன். அவர்கள் பக்கம் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். நீங்களே வாசியுங்கள் அண்ணாச்சி, எங்கள் ஆள் பெயர் வந்தால் சொல்கிறோம் என்றார்கள். நான் ஏழு பெயரையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். இசக்கியப்பன் என்று வாசித்ததும் சீனித்தாய் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், முத்துக்கனி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தி பெண்டாட்டி, மற்றவள் கூடப் பிறந்தவள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எல்லோருக்கும் டீ வரவழைத்தேன். பயம் விலகியதும் எனக்கு வாய் துறுதுறுக்கத் தொடங்கியது. அனுசியாவைக் கேலி செய்யலாம் என்று அந்த முதல் செய்தியைத் திறந்து, ஏலக்காரன் குரலில் உரக்க வாசித்தேன். ஒன்னு ஆப்ஜெக்ட், ரெண்டு ஆப்ஜெக்ட், மூணு ஆப்ஜெக்ட் என்று எண்ணி, எட்டு ஆப்ஜெக்ட் பிடிபட்டிருக்கு, விலை கேளுங்க என்று முடித்தேன். பெண்கள் சிரித்தார்கள். அனுசியா மட்டும் சிரிக்கவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பெரியப்பா, இன்னொருக்க எண்ணுங்க" என்றாள்.

நான் மறுபடி எண்ணினேன். எட்டுதான். அவளே போனை வாங்கி எண்ணினாள். பிறகு அவள் போட்ட அழகான செய்தியை எடுத்து எண்ணினாள், ஏழு. அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போயிற்று. எட்டாவது ஆள் யார் என்று நான் கேட்டதும் அவள் லேப்டாப்பைத் திறந்தாள். காலையில் ஜெஸ்டின் செய்த பதிவைப் பிரித்து, எட்டு ஆப்ஜெக்டையும் ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினாள். ஐந்தாவதும் ஆறாவதும் இசக்கியப்பன். இரண்டிலும் வயது முப்பத்து நான்கு. இரண்டிலும் ஒரே ஊர். எழுத்தாக மாற்றும்போது பெயர், வயது, ஊர் மூன்றைத்தான் எழுதச் சொல்லியிருந்தோம், அதனால் இரண்டு வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிட்டன, ஒன்றாக இருந்ததால் ஒன்று விடுபட்டுப்போனது என்றாள். நான் உடனே, ஜெஸ்டின் சேவ் பட்டனை இரண்டு தடவை அழுத்தியிருப்பார், ஒரே ஆள்தான் என்றேன். அனுசியா அந்த இரண்டு ஆப்ஜெக்டின் அடிப்பாகத்தைக் காட்டினாள். ஒன்றில் ரத்த வகை ஓ பாசிட்டிவ், மற்றதில் பி பாசிட்டிவ். வீட்டு போன் நம்பர்கள் வேறு வேறு.

ஐயா, உள்ளே இரண்டு மனிதர்கள் தனித்தனியாக இருக்கிறார்கள், வெளியே எழுத்தாக வரும்போது ஒருவன் மேல் ஒருவன் விழுந்து ஒருவனாகிவிட்டான். பெயர் சொல்லத் தெரியாத அந்தக் கோமாளிச் செய்திதான் எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு இடம் வைத்திருந்தது. அதைத்தான் நான் கேலி செய்துகொண்டிருந்தேன். கோவிலில் தெரியாமல் செருப்புடன் நுழைந்துவிட்டவன் மாதிரி எனக்கு உடம்பு கூசியது.

அதன் பிறகு கட்டுப்பாட்டு அறைக்கு நான் போன் செய்தேன். எடுத்த அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார். உங்கள் பட்டியலில் மொத்தம் ஏழு என்று நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள், இசக்கியப்பன் என்பவர் கப்பலில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார், ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாவது உங்கள் சங்கத்தில் வழக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன் என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அனுசியா என் கையிலிருந்து போனை வாங்கி, லைனில் இருங்கள் சார் என்று அவரிடம் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டுக் கல்லாப் பெட்டி மேல் வைத்தாள். பிறகு தன்னுடைய போனை எடுத்து, ஐந்தாவது ஆப்ஜெக்டில் இருந்த நம்பரைப் பார்த்து அழுத்தினாள்.

என் கடை வாசலிலேயே மணி அடித்தது. சீனித்தாய் மடியிலிருந்து போனை எடுத்து, யார் என்று தெரியாமல் திகைத்துப் பார்த்தாள். அனுசியா அதை நிறுத்திவிட்டு ஆறாவதில் இருந்த நம்பரை அழுத்தினாள். சீனித்தாய்க்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்திருந்த முத்துக்கனியின் கையில் மணி அடித்தது. ஒரு சாமி பாட்டை வைத்திருந்தாள் அந்தப் பெண், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. லைனில் இருந்த அதிகாரி இரண்டு மணியையும் கேட்டிருக்கிறார். ரெண்டு வீடா என்று மட்டும் கேட்டார். ரெண்டு வீடு சார் என்றாள் அனுசியா.

அப்போதுதான் அந்தப் பெண்கள் இருவருக்கும் புரிந்தது. புருஷன்மார் இருவருக்கும் ஒரே தாத்தா, அவர் பெயர் இசக்கியப்பன். அவருடைய இரண்டு மகன்களும் தங்கள் தலைப்பிள்ளைக்கு அப்பா பெயரையே வைத்திருக்கிறார்கள், அவர்கள் பக்கம் அதுதான் முறை, ஒரே வருடத்தில் பிறந்த பிள்ளைகள். படகில் பெரியவன், சின்னவன் என்று கூப்பிடுவார்களாம். பதிவில் அட்டையில் உள்ள பெயரைத்தான் போட வேண்டும் என்று நாங்கள் சொல்லியிருந்ததால், ஜெஸ்டின் இரண்டு பேருக்கும் அதையே போட்டிருக்கிறார். நான் வாசித்த ஒரே பெயரைக் கேட்டு இருவருமே அவரவர் புருஷன் பிழைத்தான் என்று அழுதிருக்கிறார்கள். மற்றவளின் புருஷன் பெயரும் அதுதான், இரண்டு தடவை வாசித்திருக்க வேண்டுமே என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்.

நான் அதிகாரியிடம், கப்பலில் இருக்கும் இசக்கியப்பனிடம் பெண்டாட்டி பெயர் கேட்டுச் சொல்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சீனித்தாய் குறுக்கே வந்து கல்லாப் பெட்டி மேல் இருந்த போனைக் கையால் பொத்தினாள்.

"ஆரு வீட்டு ஆளுன்னு இப்பக் கேக்காண்டாம் அண்ணாச்சி" என்றாள். "தேடச் சொல்லுங்க. ரெண்டு பேரும் வந்தப்புறம் பாத்துக்கிடுதோம்."

நான் முத்துக்கனியைப் பார்த்தேன். அவளும் ஆமாம் என்று தலையசைத்தாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இருவரில் ஒருத்திக்கு அந்த நிமிடமே நிம்மதி கிடைத்திருக்கும். மற்றவள் பக்கத்தில் இருக்க, அந்த நிம்மதி தனக்குக் கிடைத்துவிடக் கூடாதே என்று இருவருமே பயந்த மாதிரி எனக்குப் பட்டது. ஐம்பத்து மூன்று வயதில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நான் கேட்கவில்லை, அதிகாரியும் கேட்கவில்லை. கப்பலைத் திருப்புகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதன் பிறகு நான் வயர்லெஸ்ஸில் எங்கள் படகுகள் எல்லாவற்றுக்கும் செய்தி சொன்னேன். தெற்கே நின்ற படகுகள் வலையைப் பாதி இழுத்த நிலையில் இருந்தன, வலையை ஏற்றிவிட்டுப் போனார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தது, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று டிரைவர்கள் அவர்களுக்குள் பேசிக்கொண்டு வரிசையாகப் பிரிந்து தேடினார்கள். கடையில் சீனித்தாயும் முத்துக்கனியும் ஒரே ஸ்டூலில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்திருந்தார்கள். அனுசியா அழுதுகொண்டே எதையோ டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அழாதே என்று சொன்னால் கேட்கிறவள் இல்லை, அதனால் நான் சொல்லவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் எங்கள் சங்கப் படகு ஒன்று, காலி டீசல் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மிதந்த ஆளைப் பார்த்துவிட்டது. தூக்கியதும் வயர்லெஸ்ஸில் கத்தினார்கள். "ஆளு கெடச்சாச்சு, உசுரு இருக்கு, பேரு கேட்டா இசக்கியப்பன்னு சொல்லுதான்." நான் வயர்லெஸ்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இருவரையும் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, ஒருத்தி மற்றவளின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். அங்கே நின்ற எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன் என்று எழுதிக்கொள்ளலாம்.

கட்டுப்பாட்டு அறைக்குத் திருத்திய செய்தியை அனுசியா அப்போதே அனுப்பினாள். இந்தத் தடவை ஒரே மாதிரி வரியைக் கழிக்கிற அந்த வேலையை எடுத்துவிட்டிருந்தாள். எட்டு வரிகள் வந்தன. ஐந்தாவது வரியும் ஆறாவது வரியும் இசக்கியப்பன், வயது முப்பத்து நான்கு, ஒரே ஊர், வரிசை எண்ணைத் தவிர ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. சீனித்தாய் அதைப் பார்க்க வேண்டும் என்றாள். அனுசியா லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பினாள். புருஷன் பெயரைச் சொல்லாத அந்த இரண்டு பெண்களும் குனிந்து அந்த இரண்டு வரிகளையும் படித்தார்கள். பிறகு சீனித்தாய் ஒரு வரியில் விரலை வைத்து, இது எங்க வீட்டு அவிய என்றாள். முத்துக்கனி மற்ற வரியில் விரலை வைத்தாள். இருவரும் யோசிக்கவே இல்லை.

இதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. நான் சொன்னதை ஏட்டய்யா படித்துக் காட்டினார், என் காதால் கேட்டேன், சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொன்னதல்ல. இதில் ஒரே பெயர் இரண்டு முறை வரும் இடத்தில் எழுத்துப் பிழை இல்லை, அதை அடிக்காமல் அப்படியே விடும்படி கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) பா. செந்தூர்வேல்